சின்ன கான்ட்ராக்டருக்கான பசுமைக் கட்டுமானம்: எதை முதலில் தொடுவது, எதைத் தள்ளிப்போடுவது

பசுமைக் கட்டடம் என்றாலே பளபளவென்று ஒரு ஐடி பார்க், மாடியில் சோலார், வாசலில் ஒரு பிளாட்டினம் தகடு, இப்படித்தான் பலருக்கு ஞாபகம் வருகிறது. நம் நாட்டில் இந்தப் பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பித்தது. 2001-ல் இந்தியப் பசுமைக் கட்டட மன்றம், அதாவது ஐஜிபிசி, உருவானது. 2003-ல் ஹைதராபாத்தில் உள்ள சிஐஐ கோத்ரெஜ் பசுமை வணிக மையம் லீட் என்ற அமெரிக்கப் பசுமைச் சான்றில் உச்சமான பிளாட்டினம் தரம் வாங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே அந்தத் தரத்தை முதலில் வாங்கிய கட்டடம் அதுதான். சரி, நல்ல விஷயம். ஆனால் தாம்பரத்திலோ திண்டுக்கல்லிலோ அரை கிரவுண்டில் 1,200 சதுர அடி வீடு கட்டிக்கொடுக்கிற ஒருவருக்கு இதில் என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது. சிவில் முடித்துவிட்டுச் சொந்தமாக வேலை எடுக்க ஆரம்பித்திருப்பவர்கள், மேஸ்திரியாக இருந்து கான்ட்ராக்டராக மாறியவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பசுமையில் பெரும்பங்கு வரைபட மேஜையிலும், சைட்டில் தினமும் நடக்கிற பழக்கத்திலும் முடிந்துவிடுகிறது, விலை கொடுத்து வாங்கும் சாமான்கள் அதற்கப்புறம்தான். அதனால் எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முக்கியம்.

முதலில் வரைபடம், குறிப்பாக மேற்குச் சுவர்

கடப்பாரை மண்ணில் இறங்குவதற்கு முன்னாலேயே வீட்டின் சூடு பாதி தீர்மானமாகிவிடும். சென்னை இருப்பது ஏறத்தாழ 13 டிகிரி வடக்கில். உச்சி வெயில் தலைக்கு நேர் மேலே இருப்பதால் சுவரை அது பெரிதாகத் தொடுவதில்லை, தளத்தைத்தான் சுடுகிறது. சுவரைச் சுடுவது காலை கிழக்கு வெயிலும், அதைவிட மோசமாகப் பிற்பகல் மேற்கு வெயிலும்தான். தெற்குப் பக்கம் கட்டுப்படுத்த எளிது. டிசம்பரில் சூரியன் மிகத் தாழ்ந்து போகும் நாளில்கூட நண்பகலில் இரண்டடி சன்ஷேடு அதற்குக் கீழே கிட்டத்தட்ட இரண்டே முக்கால் அடிக்கு நிழல் தரும். மேற்கில் அதே இரண்டடி சன்ஷேடு நாலு மணி வெயிலுக்கு ஒன்றும் செய்யாது, வெயில் படுக்கையாக உள்ளே வந்துவிடும்.

ஆகவே மேற்கில் ஆள் புழங்காத இடங்களைத் தள்ளுங்கள்: படிக்கட்டு, பாத்ரூம், ஸ்டோர். இதைச் சொன்னவுடன் வீட்டுக்காரர் சொல்வது இதுவாகத்தான் இருக்கும்: "சார், வாஸ்துப்படி மாஸ்டர் பெட்ரூம் தென்மேற்குலதான் வரணும்." வீட்டிலேயே அதிகம் சூடாகும் மூலை அது. இதில் சண்டை போட்டு ஒருவரும் ஜெயித்ததில்லை, நேரத்தை வீணாக்காதீர்கள். "சரிங்க, அங்கேயே வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, மேற்குச் சுவர் முழுக்கத் தரையிலிருந்து லாஃப்ட் வரை அலமாரியை நிறுத்துங்கள். ஜன்னலைத் தெற்குப் பக்கம் திருப்புங்கள். அலமாரியும் அதிலிருக்கும் துணியும் காற்றும் சேர்ந்து உள்பக்கம் ஒரு தடுப்புச் சுவர் போல வேலை செய்யும். வெளியே நாலடி இடம் இருந்தால் ஒரு முருங்கை, இல்லாவிட்டால் கம்பிவலை கட்டி ஒரு கொடி.

அடுத்தது காற்று. சென்னையில் கடல் காற்று தென்கிழக்கிலிருந்து வரும், கோயம்புத்தூரில் ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும். ஊருக்கு ஊர் மாறுவதால், பக்கத்து வீட்டில் வயதானவர்கள் இருந்தால் சாயங்காலம் எந்த ஜன்னலைத் திறப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், அது போதும். மின் சிக்கன வாரியம் கொண்டுவந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்பு விதித்தொகுப்பு 2018-ல் வந்தது. சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் காற்றுக்குத் திறக்கும் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்கவேண்டும் என்கிறது அது. பெரிய மனைகளுக்காக எழுதப்பட்டது என்றாலும் சின்ன வீட்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டு கதவு ஸ்லைடிங் யுபிவிசி ஜன்னல் போட்டால் பாதிதான் திறக்கும், நாலடி ஜன்னலுக்குக் காசு கொடுத்து இரண்டடிக் காற்று வாங்குகிறோம். வெளிப்பக்கம் விரியத் திறக்கும் ஜன்னல்தான் நல்லது, திரைச்சீலைக்காரர் கொஞ்சம் முணுமுணுப்பார்.

சுவர்: எந்தக் கல்?

இதற்கு எல்லா ஊருக்கும் ஒரே விடை இருப்பதாக யாராவது சொன்னால் அவர் ஏதோ ஒரு கம்பெனி டீலர். லாரி வாடகையையும் சேர்த்துப் பாருங்கள். 200 கிலோமீட்டர் தள்ளியிருந்து வரும் பசுமைக் கல்லைவிடப் பக்கத்தில் கிடைக்கும் சாதாரணக் கல் பல சமயம் மேல்.

ஃபிளை ஆஷ் கல்: நிலக்கரி எரித்த சாம்பலில் செய்வது. எண்ணூர், மேட்டூர், நெய்வேலி, தூத்துக்குடி என்று அனல் மின் நிலையம் இருக்கும் பக்கமெல்லாம் சுலபமாகக் கிடைக்கும். சூளை கிடையாது, மேல்மண் எடுப்பது கிடையாது, அளவு ஒரே மாதிரி இருப்பதால் பூச்சும் மெல்லிசாகப் போதும். தரம்தான் இடத்துக்கு இடம் மாறும். லோடு இறங்கியதும் நாலைந்து கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், கணீர் என்று கேட்கவேண்டும். ஒரு காய்ந்த கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடைபோடுங்கள். எடை 20 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

ஏஏசி பிளாக்: உள்ளே காற்றுக் குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல். எடையில் செங்கல்லின் மூன்றில் ஒரு பங்கு சுமார், வெப்பத்தையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் செங்கல் எடைக்கு ஸ்ட்ரக்சுரல் கணக்குப் போட்டுவிட்டு நடுவில் ஏஏசிக்கு மாறினால் கம்பி ஒரு கிலோகூட மிச்சமாகாது, முதலிலேயே இன்ஜினீயரிடம் சொல்லவேண்டும். பில்லரும் பிளாக்கும் சேரும் இடத்தில் வலை வைத்துப் பூசாவிட்டால் அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். அப்புறம் வீட்டுக்காரர் உங்களுக்குப் போன் போட்டுக்கொண்டே இருப்பார்.

அழுத்திய மண் கல்: ஆரோவில் பக்கம் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம், அங்குள்ள விசிட்டர்ஸ் சென்டரே இந்தக் கல்லில் கட்டியதுதான். அஸ்திவாரம் தோண்டிய மண்ணில் கிட்டத்தட்ட ஐந்து சதவீதம் சிமெண்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்தி எடுப்பார்கள், சுடுவதில்லை. உங்கள் மனை மண் தேறுமா என்று பார்க்க லேப் வரை போகும் முன் ஒரு கண்ணாடி பாட்டில் போதும். செடி வேர் ஓடும் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு (அது தோட்டத்துக்கு ஆகும், எறியாதீர்கள்) கீழ் மண்ணை மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி வைத்துவிடுங்கள். மறுநாள் பார்த்தால் அடியில் சரளையும் மணலும், அதற்கு மேல் வண்டல், எல்லாவற்றுக்கும் மேலே களி என்று அடுக்கடுக்காகத் தெரியும். மணல் பாதியளவு, களி ஐந்தில் ஒரு பங்கு அளவு இருந்தால் வேலைக்கு ஆகும். செம்மண் பூமியில் பெரும்பாலும் சரியாக வரும், கரிசல் மண்ணை மறந்துவிடலாம். கல்லை அடித்தபின் நாலு வாரம் மூடி ஈரம் காயாமல் வைக்கவேண்டும், அதற்குத் தோதாக நாள் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

சாதாரணச் செங்கல்தான் கிடைக்கிறது என்றாலும் வழி இருக்கிறது. கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு. கல்லைப் படுக்கவைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி, இடையிடையே குறுக்குக் கல் வைத்து 9 அங்குலச் சுவர் கட்டுவது. நடுவில் காலியிடம் நிற்கும். செங்கல் நாலில் ஒரு பங்கு குறையும், கலவையும் குறையும், நடுவில் நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். புதிதாகச் செய்யும் கொத்தனார் கலவையை வழக்கம்போல அள்ளிப் போடுவார், அது அந்தக் காலியிடத்துக்குள் விழுந்து நிரம்பிவிடும், மிச்சமும் போச்சு, குளிர்ச்சியும் போச்சு. காலியிடத்தின் அகலத்துக்கு ஒரு பலகைத் துண்டை மேலே வைத்து, இரண்டு பக்கமும் கலவை பரப்பியபின் அதை எடுத்துவிட்டு அடுத்த வரி வைக்கச் சொல்லுங்கள், இரண்டு நாளில் கை பழகிவிடும். பேஸ்மட்டத்துக்கு மேல் முதல் வரி, ஜன்னல் அடி, லிண்டலுக்குக் கீழ் வரி, மூலை, நிலைப் பக்கம், இங்கெல்லாம் காலியிடம் விடாமல் கெட்டியாகக் கட்டவேண்டும். கல் அளவு ஒரே சீராக இல்லாவிட்டால் இந்தக் கட்டு அசிங்கமாகிவிடும், அந்த மாதிரி கல்லுக்கு முயற்சியே வேண்டாம்.

சிமெண்ட், கான்கிரீட், தண்ணீர்

கட்டுமானத்தில் கார்பன் அதிகம் ஒளிந்திருப்பது சிமெண்டில்தான். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுக் கிளிங்கர் ஆக்கும்போது எரிபொருள் புகை ஒரு பக்கம், கல்லுக்குள்ளிருந்தே வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு இன்னொரு பக்கம். ஒரு டன் கிளிங்கருக்கு ஏறக்குறைய 0.8 டன் கார்பன் டை ஆக்சைடு. அதனால் கிளிங்கர் குறைவான சிமெண்ட் வாங்குவது ரொம்ப சுலபமான பசுமை வேலை. மூட்டையில் பிபிசி என்று போட்டிருந்தால் அதில் 15 முதல் 35 சதவீதம் வரை ஃபிளை ஆஷ். பிஎஸ்சி என்றால் 25 முதல் 70 சதவீதம் வரை இரும்பாலைக் கசடு. கடலோர ஊர்களில் உப்புக் காற்றிலிருந்து கம்பியைக் காப்பாற்ற இந்தக் கசடுச் சிமெண்ட், ஓபிசி என்ற கலப்பில்லாத சாதாரணச் சிமெண்டைவிட நல்ல தேர்வு.

"பிபிசி லேட்டா செட் ஆகும் சார், ஓபிசி 53 வாங்கிக் குடுங்க" என்று சென்ட்ரிங்காரர் (கான்கிரீட்டுக்குப் பலகை அடிப்பவர்) சொல்வார். அவர் சொல்வதில் பாதி உண்மை: ஆரம்ப வலிமை மெதுவாகத்தான் வரும், பலகையைக் கூட சில நாள் விட்டுவைக்க வேண்டும். அந்த நாட்களை அட்டவணையில் முன்பே சேர்த்துவிட்டால் சண்டை இல்லை. தண்ணீர் காட்டுவதிலும், அதாவது கான்கிரீட்டைக் காயவிடாமல் ஈரமாக வைக்கும் க்யூரிங்கிலும், அப்படியே. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456, ஓபிசிக்குக் குறைந்தது 7 நாள் என்றும், கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள் என்றும் சொல்கிறது, சூடான வறண்ட இடத்தில் 14 நாள் வரை நீட்டச் சொல்கிறது. பிபிசி வாங்கிவிட்டு ஐந்து நாளில் தண்ணீரை நிறுத்தினால் அதைவிட ஓபிசியே வாங்கியிருக்கலாம்.

தண்ணீர் காட்டுகிறேன் என்று காலையும் மாலையும் ஓஸ் பைப்பைப் பிடித்து அடிப்பது வீண். தளத்துக்குப் பாத்தி கட்டி நிறுத்துங்கள். பில்லருக்குச் சணல் சாக்கைச் சுற்றிக் கட்டி அதன் மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றினால் ஒரு குடம் தண்ணீர் நாள் முழுக்க நிற்கும். கலவைக்குள் போகும் தண்ணீர் இன்னும் முக்கியம். வீடுகளுக்கு வழக்கமாகப் போடும் எம்20 தரக் கான்கிரீட்டுக்கு ஒரு மூட்டைச் சிமெண்டுக்கு 30 லிட்டருக்கு மேல் போகக்கூடாது, ஈர மணலில் இருப்பதையும் சேர்த்து. சைட்டில் ஓஸைக் கலவை இயந்திரத்துக்குள் சொருகிவிட்டு "ஓடட்டும்" என்று விடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பத்து லிட்டர் பக்கெட்டை மெஷின் பக்கத்தில் வைத்து, எண்ணி ஊற்றச் சொல்லுங்கள். அந்தப் பக்கெட்டைவிட மலிவான பசுமைத் தொழில்நுட்பம் எனக்குத் தெரியவில்லை: கான்கிரீட் வலுவாக இருக்கும், வலு இல்லாமல் போகுமோ என்று பயந்து கூடுதலாக ஒரு மூட்டை போடும் பழக்கமும் நிற்கும்.

ஆற்று மணலை விட்டு, கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டுக்குப் பெரும்பாலும் எல்லோரும் மாறியாயிற்று. கான்கிரீட்டுக்கு எம்-சாண்ட், பூச்சுக்கு அதைவிட நைசான பி-சாண்ட், கிரஷர் தூசியை எம்-சாண்ட் என்று விற்பவரிடம் மட்டும் ஜாக்கிரதை. ஃபில்லர் ஸ்லாபும் நல்ல யோசனை. தளத்தின் கீழ்ப்பகுதிக் கான்கிரீட் பெரிய சுமை தாங்குவதில்லை என்பதால், கம்பிகளுக்கு நடுவில் பழைய கூரை ஓடுகளை வைத்து அந்தக் கான்கிரீட்டை மிச்சப்படுத்துவார்கள். ஆனால் டிசைன் இல்லாமல் கைக்கணக்கில் செய்யவே கூடாது.

மொட்டை மாடி

தனி வீட்டில் மேல்தளம்தான் அடுப்பு. பகல் முழுக்கக் குடித்த வெயிலைக் கான்கிரீட் சாயங்காலத்திலிருந்து ராத்திரி வரை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். நம் ஊரில் இதற்குப் பழைய வைத்தியம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து மேலே தட்டோடு பதிப்பது. நல்ல ஆள் கிடைத்தால் இன்றும் அதுவே போதும். ஆள் இல்லையென்றால் வெள்ளை கூலிங் டைல்ஸ், அதற்கும் பட்ஜெட் இல்லையென்றால் டைல்ஸ் கடைகளில் மூலைக்கு மூலை கிடக்கும் உடைந்த வெள்ளைத் துண்டுகளை வாங்கி மொசைக் மாதிரி பதித்துவிடலாம். வெள்ளையாக இருப்பதுதான் விஷயம், வருடத்துக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவாவிட்டால் அது சாம்பல் நிறமாகிப் பயன் பாதியாகிவிடும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

சோலார் இப்போதைக்கு வேண்டாம் என்று அவர் சொன்னாலும், மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை ஒரு காலிப் பைப்பை விட்டுவைப்பது உங்கள் வேலை. தண்ணீர்த் தொட்டியை வடக்குப் பக்கம் ஏற்றுங்கள், பேனல் மேல் நிழல் விழாது. ஒரு கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும், நாளுக்கு நாலு யூனிட் வரை தரும். 2024-ல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்திருந்தார்கள். விண்ணப்பிக்கும் அன்றைய நிலவரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாய் வேலை

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லிருந்தே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். அதனால் எல்லோரும் செய்கிறார்கள், அதாவது அனுமதிக்காக ஒரு பைப்பை மண்ணுக்குள் சொருகிவிட்டு மறந்துவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: 1,000 சதுர அடி மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர், வழியில் வீணாவதைக் கழித்தாலும் ஒரு லட்சம் லிட்டர் நிற்கும். 12,000 லிட்டர் லாரியில் எட்டு லோடு. முதல் மழையை வெளியே தள்ள ஒரு வால்வு, ஜல்லியும் மணலும் போட்ட ஒரு வடிகட்டித் தொட்டி, அதற்குப் பின் சம்ப் (தரைக்கு அடியில் உள்ள தொட்டி); சம்ப் நிறைந்தால் கிணற்றுக்கோ போர்வெல்லுக்குப் பக்கத்தில் தோண்டிய குழிக்கோ. ஐப்பசி மழைக்கு முன்னால் வடிகட்டியைத் திறந்து கழுவ இடம் விட்டுக் கட்டுங்கள், திறக்க முடியாத தொட்டியை யாரும் கழுவ மாட்டார்கள்.

குளிக்கிற தண்ணீருக்கும் கக்கூஸ் தண்ணீருக்கும் தனித்தனி லைன் போடுவது கட்டும்போது சில்லறைச் செலவு. பின்னால் செய்யவேண்டுமானால் டைல்ஸை உடைக்கணும். குளியல் தண்ணீரைக் கல்வாழை நட்ட ஒரு சரளைப் பாத்தி வழியாகத் தோட்டத்துக்கு விட்டால் போதும், இயந்திரம் எதுவும் தேவையில்லை.

வீணாவதும், ரப்பீஸும் (கட்டட இடிபாடு)

கம்பி வெட்டுவதற்கு முன் அட்டவணை போட்டு, நீளத் துண்டுகளை முதலில் வெட்டி, மிச்சத்தில் பில்லர் ரிங்கும், கம்பியைத் தூக்கி நிறுத்தும் ‘சேர்’ துண்டுகளும் எடுங்கள். அறை அளவை டைல்ஸ் அளவுக்கு ஒட்டி வைத்தால் வெட்டுத் துண்டு குறையும். உடைந்த செங்கல் தரை அடியில் போகட்டும். தோண்டிய மண் பேஸ்மட்டத்துக்குள் திரும்பிப் போகட்டும். ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரையில் லோடு கொட்டும் டிராக்டர்காரர் மலிவாகத்தான் கேட்பார், அவரை விடுங்கள். கட்டட இடிபாடுகளுக்கென்று 2016-லேயே மத்திய அரசு விதி வந்துவிட்டது, சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாடுகளை உடைத்து மறுபயன்பாட்டுக்குத் தரும் மையங்கள் இருக்கின்றன.

பெயிண்டில் வாடை குறைந்த, விஓசி (காற்றில் கலக்கும் ரசாயன ஆவி) குறைவான ரகம் வாங்குங்கள், அவ்வளவுதான். மின்விசிறி விஷயத்தில் மட்டும் வீட்டுக்காரரிடம் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கலாம். சாதா ஃபேன் 75 வாட், பிஎல்டிசி என்ற குறைந்த மின்சார மோட்டார் ஃபேன் 30 வாட் பக்கம். ஐந்து ஃபேன் தினமும் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 160 யூனிட் அளவுக்குக் குறையும், அதுவே சில வீடுகளை அடுத்த கட்டணப் படிக்குப் போகாமல் நிறுத்திவிடும்.

விலை பேசும்போது

"பசுமை" என்ற சொல்லை முதல் சந்திப்பில் எடுக்காமல் இருப்பது உத்தமம். எடுத்தவுடன் சதுர அடிக்கு எவ்வளவு ஏறும் என்றுதான் கேட்பார்கள். "மேல் ரூமில் மே மாசம் ஏசி இல்லாமல் படுக்கிற மாதிரி கட்டித் தரேன்", "லாரித் தண்ணி செலவு குறையும்" என்று ஆரம்பியுங்கள். கொட்டேஷனில் எலிப்பொறிக் கட்டில் குறையும் செங்கலையும், ஜன்னலுக்குக் கூடும் தொகையையும் பக்கத்துப் பக்கத்து வரியில் எழுதிக் காட்டுங்கள், கூட்டல் கழித்தல் அவரே போட்டுக்கொள்வார். முதல் வீட்டில் எல்லாவற்றையும் செய்ய நினைக்காதீர்கள். வரைபடத் திருப்பம், பிபிசியும் ஒழுங்கான தண்ணீர் காட்டலும், வெள்ளை மாடி, இந்த மூன்று போதும். எலிப்பொறிக் கட்டை முதலில் காம்பவுண்டு சுவரில் பழகிக்கொண்டு அடுத்த வீட்டில் வையுங்கள்.

சான்றிதழ்

இது கடைசியில் வருவது வேண்டுமென்றேதான். வீட்டுக்காரர் விற்கப்போகிறார், வாடகைக்கு விடப்போகிறார், வங்கி கேட்கிறது, அப்படி ஏதாவது காரணம் இருந்தால் மட்டும் போங்கள். 2,500 சதுர மீட்டருக்கு உட்பட்ட சின்னக் கட்டடங்களுக்கு, கிரிஹா என்ற இந்தியப் பசுமை மதிப்பீட்டு முறையில் ஸ்வகிரிஹா என்ற எளிய வகை இருக்கிறது. ஐஜிபிசியில் கிரீன் ஹோம்ஸ். எட்ஜ் என்ற இன்னொன்று ஆற்றல், தண்ணீர், கட்டுமானப் பொருள் மூன்றிலும் தலா 20 சதவீதம் மிச்சம் கேட்கிறது. எதுவானாலும் வரைபட நிலையிலேயே பதிவு செய்யவேண்டும். பிறகு ஒவ்வொரு லோடுக்கும் பில், சிமெண்ட் வகை தெரியும்படி மூட்டையின் போட்டோ, சுவர் பாதி ஏறியிருக்கும்போது ஒரு போட்டோ, பூச்சுக்கு முன் குழாய் லைன் போட்டோ, எல்லாம் தேதியோடு ஒரே இடத்தில் இருக்கட்டும், ஏனென்றால் பூசி முடித்த சுவருக்குள் எலிப்பொறிக் கட்டு இருக்கிறது என்று தணிக்கைக்காரருக்குக் காட்ட உங்களிடம் வேறு எந்த வழியும் இருக்காது.